மூளையை அறுத்துப் பார்த்தால் மனம் தெரியுமா?

உளவியல் இளங்கலை படிக்கும் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். மூளையை எவ்வளவு நுணுக்கமாக அறுத்துப் பார்த்தாலும் உள்ளே செல்களும் ரசாயனமும்தானே இருக்கும், அப்படியிருக்க மனதைப் பற்றி உயிரியல் உண்மையிலேயே புதிதாக எதையாவது சொல்லியிருக்கிறதா, இல்லை உளவியல் ஏற்கெனவே சொன்னதற்கு மூளைப் பகுதிகளின் பெயரை ஒட்டிவைக்கிறதா என்பது முதல் கேள்வி. பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர் மூளை அறிவியல் துறைக்கு வர முடியுமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு என் பதில்: சொல்லியிருக்கிறது, அதுவும் நமக்குள் எவ்வளவு நேரம் திரும்பிப் பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாத விஷயங்களை. 'மனம்' என்ற பெரிய சொல்லை வைத்துக்கொண்டு இதைப் பேசினால் கை நழுவிப் போகும். அதனால் நினைவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு மனிதரின் வாழ்க்கையில் தொடங்கி ஒற்றை மூலக்கூறு வரைக்கும் படி விடாமல் இறங்கிப் போகக்கூடிய இடம் மனதின் ஆய்வில் இன்றைக்கு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

1953ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு மருந்துக்கு அடங்காத வலிப்பு. வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர், மூளையின் இரு பக்கத்திலும் காதுக்கு உட்புறமாக ஆழத்தில் இருக்கும் பகுதியை எடுத்துவிட்டார். ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் அதைச் சுற்றியிருந்த திசுவும் அதோடு போயின. வலிப்பு பெருமளவு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. காலையில் பேசிய மருத்துவரை மதியம் அறிமுகப்படுத்த வேண்டும். சாப்பிட்டு முடித்த சற்று நேரத்தில் சாப்பிட்டதே தெரியாது. ஆய்வுக் கட்டுரைகளில் எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளாகவே வாழ்ந்தார். 2008இல் 82 வயதில் அவர் இறந்த பிறகுதான் உலகத்துக்கு முழுப் பெயர் தெரிந்தது.

இவரைப் பற்றி நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் பாடப் புத்தகங்கள் 'ஹிப்போகாம்பஸ் போனால் நினைவு போகும்' என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகின்றன. அவரிடமிருந்து கற்றதில் அது பாதிகூட இல்லை. மான்ட்ரியாலிலிருந்து ரயிலேறி வந்து அவரைச் சோதித்த பிரெண்டா மில்னர் பொறுமையாகச் செய்தது, எது போயிற்று என்பதோடு எது போகவில்லை என்பதையும் பட்டியலிட்டது. அறிவுத்திறன் குறையவில்லை. பேச்சு சரியாக இருந்தது. சிறுவயது ஞாபகங்கள் இருந்தன. ஒரு தொலைபேசி எண்ணைச் சொன்னால், கவனம் கலையாத வரை மனதில் வைத்திருப்பார். அப்படியானால் கொஞ்ச நேரத்துக்கு வைத்திருப்பதும் நெடுநாளைக்குச் சேமிப்பதும் ஒரே வேலை இல்லை. பழையதை எடுப்பதும் புதியதைப் பதிப்பதும் ஒரே வேலை இல்லை.

அப்புறம் மில்னர் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அதன் ஓரக்கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். யாராக இருந்தாலும் முதலில் கை எதிர்ப்பக்கம் இழுக்கும். பழகப் பழகச் சரியாகும். ஹென்றி மொலைசனும் மூன்று நாட்களில் நன்றாகவே தேறிவிட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த வேலையை அவர் முதல்முறையாகச் செய்வதாகவே நம்பினார். கைக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

இந்த ஒரு முடிவில் எவ்வளவு இருக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நமக்கு உள்ளிருந்து பார்க்கும்போது நினைவு ஒரே பொருளாகத்தான் தெரிகிறது. சைக்கிள் ஓட்டத் தெரிவதும், முதன்முதலில் சைக்கிளில் விழுந்த நாள் ஞாபகம் இருப்பதும் 'எனக்கு நினைவிருக்கிறது' என்ற ஒரே கூடைக்குள் வந்துவிடுகின்றன. இரண்டுக்கும் வேறுபாடு இருக்கும் என்று தத்துவவாதிகள் ஊகித்ததுண்டு. ஆனால் ஒன்று முற்றாக அழிந்த பிறகும் மற்றது சேதமில்லாமல் நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல ஒரு மூளை தேவைப்பட்டது. அந்த மனிதர் கொடுத்த விலை மிக அதிகம். அரை நூற்றாண்டுக்கு மேல் சலிக்காமல் சோதனைகளுக்கு ஒத்துழைத்தார். அவரை இன்னொரு 'கேஸ்' போல எழுதிவிட்டுப் போவது எனக்கு ஒப்பாத காரியம்.

இதற்கு முன்பே ஒரு தடயம் கிடைத்திருந்தது. 1911இல் ஜெனிவாவைச் சேர்ந்த எடுவார் கிளாபரேட் என்ற மருத்துவர், எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒரு பெண் நோயாளியைப் பற்றி எழுதினார். ஒருநாள் விரல்களுக்கு நடுவே ஊசியை மறைத்துக்கொண்டு அவரிடம் கை குலுக்கினார். குத்தியது. சிறிது நேரத்தில் அந்தப் பெண் அதை மறந்துவிட்டார். ஆனால் அடுத்த முறை மருத்துவர் கையை நீட்டியபோது தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. இன்று இப்படியொரு சோதனையை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பெண்ணுக்குள் ஏதோ ஒன்று கற்றுக்கொண்டது, அது அவருடைய அறிவுக்கு எட்டாத இடத்தில் இருந்தது என்ற செய்தி நிற்கிறது.

அந்த இடத்தை 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வு அழகாகப் பிரித்துக் காட்டியது. அன்டோயின் பெஷாரா, அன்டோனியோ டமாசியோ ஆகியோரின் குழு மூன்று நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஒருவருக்கு அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா இரு பக்கமும் சேதம். ஒருவருக்கு ஹிப்போகாம்பஸ் சேதம். மூன்றாமவருக்கு இரண்டும். வண்ணப் படங்களைக் காட்டி, ஒரு குறிப்பிட்ட நிறம் வரும்போது மட்டும் காதைப் பிளக்கும் ஹாரனை அடித்தார்கள். தோலில் வியர்வை மாறுவதை அளந்தார்கள். அமிக்டலா போனவர், எந்த நிறத்துக்குப் பிறகு சத்தம் வந்தது என்று சரியாகச் சொன்னார், உடல் மட்டும் அசையவில்லை. ஹிப்போகாம்பஸ் போனவருக்கு அந்த நிறத்தைக் கண்டதும் உடல் பதறியது, ஏன் என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் போனவரிடம் இரண்டுமே இல்லை. 'எனக்கு அது பயம்' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வதற்குள் தெரிந்திருப்பதும் நடுங்குவதும் தனித்தனியாக இருக்கின்றன.

பழக்கத்தால் மெல்ல மெல்லப் படிவது இன்னொரு தனி வழி. ஹிப்போகாம்பஸ் சேதமடைந்தவர்களுக்கு அது நன்றாக வேலை செய்கிறது, பார்க்கின்சன் நோயாளிகளுக்கோ திணறுகிறது. இதை 1996இல் காட்டினார்கள். அதில் நீளமாக நிற்கப் போவதில்லை.

இனி கீழே இறங்குவோம். நினைவுகள் பலவகை, அவை மூளையில் வெவ்வேறு இடங்களைச் சார்ந்தவை, சரி. ஆனால் ஒரு நினைவு பதியும்போது அந்தத் திசுவில் என்னதான் மாறுகிறது? இந்தக் கேள்வியில்தான் எரிக் கண்டெல் வருகிறார்.

கண்டெல் 1929இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய பிறகு, 1939இல் ஒன்பது வயதில் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார். ஹார்வர்டில் படித்தது வரலாறும் இலக்கியமும். ஃப்ராய்டின் மேல் ஏற்பட்ட ஈர்ப்பில், மனப்பகுப்பாய்வாளர் ஆவதற்காகவே மருத்துவம் படிக்கப் போனார். ஃப்ராய்டு சொன்ன 'ஈகோ', 'இட்', 'சூப்பர் ஈகோ' என்ற மனதின் மூன்று பகுதிகளும் மூளையில் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1955இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹாரி கிரண்ட்ஃபெஸ்ட் என்ற நரம்பியலாளரிடம் போய் இதைச் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. மூளையைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒவ்வொரு செல்லாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கண்டெல் முதலில் போனது ஹிப்போகாம்பஸுக்குத்தான். மில்னரின் கட்டுரை 1957இல் வந்திருந்தது. அதே இடத்துச் செல்களில் மின்முனையைச் செருகி, ஆல்டன் ஸ்பென்சரோடு சேர்ந்து பதிவு செய்தார். அது அந்தக் காலத்தில் பெரிய தொழில்நுட்பச் சாதனை. ஆனால் கிடைத்த பதில் ஏமாற்றம் தந்தது: நினைவுக்கு உதவும் அந்தச் செல்கள், தண்டுவடத்தில் தசையை அசைக்கும் செல்களிலிருந்து அடிப்படையில் வேறாக இல்லை. செல்லுக்குள் ரகசியம் இல்லையென்றால் அவை ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் இருக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டு சான்டியாகோ ரமோன் இ காஹால் 1894இலேயே இதை ஊகித்திருந்தார். நுண்ணோக்கியில் சாயமேற்றிய செல்களைப் பார்த்தே, கற்றல் என்பது நரம்பணுக்களின் இணைப்புகள் வலுப்பெறுவதாக இருக்கலாம் என்று லண்டனில் சொற்பொழிவாற்றினார். அறுபது ஆண்டுகளாக அது நிரூபிக்கப்படாமலே கிடந்தது.

பாலூட்டியின் மூளையில் அந்த இணைப்புகளைத் தனித்தனியாகப் பின்தொடர முடியாது. அதனால் கண்டெல் கடல் முயல் என்று சொல்லப்படும் ஆப்ளிசியாவைத் தேர்ந்தெடுத்தார். ஓடு வெளியே தெரியாத பெரிய கடல் நத்தை அது. மூத்தவர்கள் பலர் வேண்டாம் என்றார்கள். நத்தையிடம் மனதைப் பற்றி என்ன கற்பது என்பது அவர்கள் எண்ணம். 1962இல் பாரிசில் அந்த நத்தையை ஆராய்ந்துவந்த லடிஸ்லாவ் டாக் என்பவரின் ஆய்வகத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பிராணிக்கு நரம்பணுக்கள் சுமார் 20,000தான். சில செல்கள் ஒரு மில்லிமீட்டர் வரை இருப்பதால் வெறும் கண்ணுக்கே தெரியும். இதைவிட முக்கியம், ஒரு விலங்கில் அடையாளம் கண்ட செல்லை இன்னொரு விலங்கிலும் அதே இடத்தில் பார்க்கலாம்.

சோதனை எளிமையானது. ஆப்ளிசியாவின் நீர்க்குழலை லேசாகத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால் ஆபத்தில்லை என்று கற்றுக்கொண்டு இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். வாலில் ஒரு மின் அதிர்ச்சி கொடுத்துவிட்டால், அப்புறம் லேசாகத் தொட்டாலும் பதறி இழுக்கும். முதலாவது பழகிப்போவது, இரண்டாவது கூருணர்வு. இரண்டுமே எளிய வகைக் கற்றல், மனிதருக்கும் உண்டு. இந்தச் செவுள் இழுப்புக்கு 24 உணர் நரம்பணுக்களும் 6 இயக்கு நரம்பணுக்களும் சேர்ந்த சிறிய சுற்று போதும். அதை ஒவ்வொரு செல்லாகக் கண்டெலும் அவர் குழுவினரும் பிரித்தறிந்தார்கள்.

கண்டது இதுதான்: எந்தச் செல் எந்தச் செல்லோடு சேரும் என்பது மாறவில்லை. அது பிறவியிலேயே வகுக்கப்பட்டது. சேரும் இடத்தின் வலிமைதான் மாறுகிறது. பழகிப்போகும்போது அடுத்த செல்லுக்குச் செய்தி கொண்டுபோக உணர் செல் வெளியிடும் கடத்திப்பொருள் குறைகிறது, அதிர்ச்சிக்குப் பிறகு கூடுகிறது. 'பிறவியா, வளர்ப்பா' என்று உளவியல் வகுப்புகளில் ஆண்டுதோறும் நடக்கும் வாதத்துக்கு, ஒரே சினாப்ஸில், அதாவது செல்கள் சேரும் ஒரே இடத்தில், இரண்டும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று இது காட்டிவிட்டது. இணைப்பு இருக்கிறதா என்பதை மரபணு தீர்மானிக்கிறது, எவ்வளவு வலுவாக என்பதை அனுபவம் தீர்மானிக்கிறது.

அடுத்த படியை நீங்கள் உங்கள் தேர்வோடு பொருத்திக்கொள்ளலாம். நாற்பது முறை ஒரே மூச்சாகத் தொட்டால் ஆப்ளிசியாவின் பழக்கம் ஒருநாள் போலத் தங்கும். அதே நாற்பதை நாளைக்குப் பத்து என நான்கு நாட்களுக்குப் பிரித்தால் வாரக்கணக்கில் தங்கும். இடைவெளி விட்டுப் படித்தால் நன்றாகப் பதியும் என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னைத்தானே சோதித்து 1885இலேயே எழுதிவிட்டார். அந்த வகையில் இது உளவியலுக்குப் பழைய செய்தி. ஏன் அப்படி என்பதற்கு அப்போது பதில் இல்லை.

பதில் வேதியியலில் கிடைத்தது. வாலில் ஒருமுறை அதிர்ச்சி விழுந்தால், இடையிலிருக்கும் செல்கள் செரோடோனின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அது உணர் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறைக் கூட்டுகிறது. அது ஒரு நொதியைத் தூண்டுகிறது. நொதி, செல்லில் ஏற்கெனவே இருக்கும் புரதங்களைத் திருத்துகிறது, கடத்திப்பொருள் கூடுதலாக வெளியே வருகிறது. புதிதாக எதையும் கட்டாததால் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதுதான் குறுகிய கால நினைவு. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அதிர்ச்சி விழுந்தால் அதே நொதி செல்லின் உட்கருவுக்குள் போய் கிரெப் என்ற புரதத்தைத் தூண்டுகிறது. கிரெப் மரபணுக்களை இயக்குகிறது. புதிய புரதங்கள் உருவாகின்றன, புதிய சினாப்ஸ்கள் முளைக்கின்றன. கிரெய்க் பெய்லியும் மேரி சென்னும் எண்ணிப் பார்த்தபோது, ஓர் உணர் செல்லின் சினாப்ஸ் முனைகள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் குறுகிய கால நினைவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நீண்ட கால நினைவு மட்டும் பதியவில்லை.

கிரெப்புக்கு எதிராக வேலை செய்து அதை அடக்கிவைக்கும் இன்னொரு புரதமும் அதே செல்லில் இருக்கிறது. தொட்டதெல்லாம் நிரந்தரமாகப் பதிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் தடை அது. அந்தத் தடையை விலக்கும் அளவுக்கு ஒரு நிகழ்வு முக்கியமானதாகவோ மீண்டும் மீண்டும் வருவதாகவோ இருக்க வேண்டும். மறதியை நாம் குறையாகவே நினைத்துப் பழகிவிட்டோம். எளிதில் பதியாமல் இருக்கவும் செல் தனியாக ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை.

இது நத்தைக்கு மட்டும் உரிய கதை இல்லை என்பதற்குச் சாட்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் சேமோர் பென்சர் பழ ஈக்களிடம் மரபணு மாற்றங்களை உண்டாக்கி, வாசனையை அதிர்ச்சியோடு சேர்த்துக் கற்றுக்கொள்ள முடியாத ஈக்களைத் தேடினார். 1976இல் கிடைத்த அப்படிப்பட்ட முதல் ஈ வகைக்கு 'டன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதில் கெட்டுப்போயிருந்த மரபணு எது என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு அது. நத்தையும் ஈயும் பரிணாமத்தில் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இரண்டு ஆய்வகங்கள் இரண்டு உயிரினங்களில் இரண்டு முறைகளில் தேடி ஒரே மூலக்கூறில் வந்து சந்தித்தன. உயிரியல் நினைவைப் பற்றி எதையாவது சொல்லியிருக்கிறதா என்று கேட்டால் நான் முதலில் எடுத்து வைக்கும் ஆதாரம் இந்தச் சந்திப்புதான். பென்சரோடு அந்த ஆண்டுகளில் வேலை செய்த ஒபைத் சித்திகி, மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஈக்களின் மோப்பத்தையும் சுவையையும் மரபணு வழியாக ஆராயும் மரபைத் தொடங்கினார். பின்னர் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கினார். இந்தியாவில் இந்தத் துறைக்கு வேர் அங்கே இருக்கிறது. கண்டெலுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாலூட்டிகளின் ஹிப்போகாம்பஸிலும் இணைப்பு வலுப்பெறுவதை நார்வேயில் டெர்யே லோமோ 1966இல் கவனித்து, டிம் பிளிஸ்ஸோடு சேர்ந்து 1973இல் முயல்களில் விரிவாகக் காட்டியிருந்தார். ஆனால் 'வலுப்பெற்ற செல்கள்தான் நினைவு' என்று எப்படித் தெரியும்? தற்செயலாகக் கூடவே நடப்பதாக இருக்கலாமே? நல்ல சந்தேகம். 2012இல் சுசுமு டொனெகாவாவின் குழு இதற்கு நேரான பதில் தேடியது. சுண்டெலி ஒரு பெட்டியில் அதிர்ச்சி வாங்கும்போது ஹிப்போகாம்பஸில் எந்தச் செல்கள் விழிக்கின்றனவோ அவற்றில் மட்டும் ஒளிக்கு வினைபுரியும் புரதத்தை உருவாக வைத்தார்கள். பிறகு வேறொரு பாதுகாப்பான பெட்டியில் விட்டு, மூளைக்குள் நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். சுண்டெலி அந்தப் பழைய பெட்டியில் இருப்பதுபோல் பயந்து உறைந்து நின்றது. அடுத்த ஆண்டு இன்னும் ஒரு படி போனார்கள். எதுவும் நடக்காத ஒரு பெட்டியின் நினைவுச் செல்களை ஒளியால் எழுப்பிக்கொண்டே, வேறு பெட்டியில் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு அந்த முதல் பெட்டியில் விட்டபோது சுண்டெலி பயந்தது. அங்கே அதற்கு ஒருபோதும் தீங்கு நேர்ந்ததில்லை. நடக்காத ஒன்றின் நினைவு அது.

நினைவைப் பற்றி நாம் நிச்சயமாக நம்புவதில் ஒன்று, பதிந்தது பதிந்ததுதான் என்பது. 2000இல் கரீம் நாதர், ஜோசப் லெடூ ஆகியோரின் எலிச் சோதனை அதையும் அசைத்தது. ஓர் ஒலியைக் கேட்டால் அதிர்ச்சி வரும் என்று எலிகள் கற்றன. ஒருநாள் கழித்து அந்த ஒலியை மட்டும் ஒருமுறை கேட்க வைத்து, உடனே அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். அடுத்த நாள் ஒலி கேட்டபோது பயம் மிகவும் குறைந்திருந்தது. ஒலியைக் கேட்க வைக்காமல் மருந்தை மட்டும் கொடுத்த எலிகளுக்குப் பயம் அப்படியே இருந்தது. நினைவுகூரும் நேரத்தில் அந்த நினைவு சற்று இளகி, மறுபடி புரதம் செலவழித்துத்தான் உறுதிப்படுகிறது. ஆகவே அடிக்கடி எடுத்துப் பார்க்கும் நினைவு மாறாமல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அந்த இளகும் நேரத்தைப் பயன்படுத்திப் பேரதிர்ச்சியால் வாடுபவர்களுக்கு உதவலாமா என்று மனிதர்களிடமும் ப்ரோப்ரனலால் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. சில ஆய்வுகளில் பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை. எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை எப்போதும் இப்படித்தான் கரடுமுரடாக இருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, மனதைச் செல் செல்லாகப் பிரித்து முடித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நரம்பணு 302 மட்டுமே உள்ள ஓர் உருளைப்புழுவின் முழு இணைப்பு வரைபடம் 1986லேயே வந்துவிட்டது. இன்றுவரை அந்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று முழுமையாகச் சொல்ல முடியவில்லை. 2024இல் பழ ஈயின் முழு மூளை, கிட்டத்தட்ட 1,39,000 நரம்பணுக்களோடு வரையப்பட்டது. மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி. அதைவிட, சிவப்பைப் பார்ப்பது ஏன் ஓர் அனுபவமாக இருக்கிறது என்ற கேள்விக்கு மேலே சொன்ன எந்தச் சோதனையிலும் பதில் இல்லை. நினைவு எப்படிப் பதிகிறது என்று தெரிந்ததால் நினைப்பவர் யார் என்று தெரிந்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் கேள்வியில் இருந்த சந்தேகம் ஓரிடத்தில் சரியானது. மூளை ஸ்கேன் படத்தில் ஒரு பகுதி ஒளிர்வதைக் காட்டி, 'காதல் இங்கே இருக்கிறது, பக்தி இங்கே இருக்கிறது' என்று எழுதப்படும் செய்திகளில் பெரும்பாலானவை பெயர் ஒட்டும் வேலைதான். எஃப்எம்ஆர்ஐ கருவி அளப்பது நரம்பணுக்களின் வேலையை நேராக அல்ல, அங்கே ரத்தத்தில் ஆக்சிஜன் மாறும் விதத்தை. ஒரே நேரத்தில் பல்லாயிரம் புள்ளிகளைச் சோதிப்பதால் புள்ளியியலில் கவனம் தவறினால் எதை வேண்டுமானாலும் 'கண்டுபிடிக்கலாம்'. 2009இல் கிரெய்க் பென்னெட் குழுவினர் இறந்துபோன ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையிலும் 'செயல்பாடு' தெரிவதைக் காட்டினார்கள். அந்த ஆய்வு துறைக்குள் பலரைத் திருத்தியது. நான் மேலே சொன்ன சோதனைகளில் வேறொன்று இருக்கிறது, கவனியுங்கள்: ஒன்றை எடுத்துவிட்டால் என்ன நின்றுபோகிறது, ஒன்றைத் தூண்டினால் என்ன நடக்கிறது என்று அவை காரணத்தைத் தேடின.

கோபம் வரவேண்டிய இடம் இன்னொன்று உண்டு. தமிழ்நாட்டு ஊர்களில் 'மிட் பிரெயின் ஆக்டிவேஷன்' என்று பலகை வைத்து, பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு படிப்பார்கள் என்று சொல்லிப் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். நடுமூளை என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறந்ததிலிருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, செய்யாவிட்டால் பிள்ளை பிழைக்காது. கண்கட்டின் கீழ் மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பார்க்கப் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள், சிலர் அதைச் சொல்லக்கூடாது என்றும் பழக்கப்படுகிறார்கள். மூளை அறிவியலின் பெயரில் ஒரு குழந்தைக்குப் பொய் சொல்லக் கற்றுத்தருவதைவிட மோசமான பாடம் எனக்குத் தெரியவில்லை. உளவியல் படிக்கும் நீங்கள் உங்கள் ஊரில் இதைத் தெளிவாக எடுத்துச் சொல்லக்கூடியவர். சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வர முடியும். பிரெண்டா மில்னர் உளவியலாளர். அறுவைக் கத்தி ஸ்கோவிலுடையது, ஆனால் கண்டுபிடிப்பு வந்தது மில்னரின் பென்சிலும் காகிதமும் வைத்த சோதனைகளிலிருந்து. ஹிப்போகாம்பஸில் இடத்தை அறியும் செல்களைக் கண்டுபிடித்த ஜான் ஓ'கீஃப் உளவியலில்தான் முனைவர் பட்டம் வாங்கினார். அவரோடு 2014இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் உளவியல் படித்தவர்கள். பென்சர் இயற்பியலிலிருந்து வந்தவர். டொனெகாவா நோய் எதிர்ப்புப் புரதங்களுக்காக 1987இல் நோபல் வாங்கிவிட்டு, அதற்கப்புறம் மூளைக்குத் திரும்பினார். நடத்தையைச் சரியாக அளக்கத் தெரிந்தவர் இல்லாமல் மேலே சொன்ன எந்த ஆய்வும் நடந்திருக்காது, அந்தத் திறமை உங்கள் பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது.

விட்டுப்போனதைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் ஒரு நரம்பணுவின் சவ்வில் மின்னழுத்தம் எப்படி உண்டாகிறது, துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதைப் படியுங்கள். அயனிகள், செறிவு, மின்தடை பற்றிய பள்ளி அளவு அறிவு அதற்குப் போதும். அப்புறம் சினாப்ஸ், அதற்கப்புறம் மூளையின் உடற்கூறு. உடற்கூறில் தொடங்கினால் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்தே ஆண்டு ஓடிவிடும், பலர் அங்கேயே சலித்து விலகிவிடுகிறார்கள். புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். ஏதாவதொரு கணினி மொழியில், பைத்தானே போதும், தரவைக் கையாளப் பழகுங்கள்.

இந்தியாவில் பெங்களூர் நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியலும் நரம்பியலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, மூளைத் திசு வங்கியும் அங்கே உண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் நரம்பு அறிவியல் மையம் இருக்கிறது. ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சென்னையிலேயே ஐஐடி மெட்ராஸில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மனிதக் கருவின் மூளையைச் செல் அளவில் மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுத்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்களைக் கொண்ட தரவுத்தொகுப்பை 2024இல் உலகுக்குத் திறந்துவிட்டது. அதைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பதற்கு முன் அந்தப் படங்களில் ஹிப்போகாம்பஸை நீங்களே தேடிக் கண்டுபிடித்துப் பாருங்கள். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.